துரைசானி ஜன்னல்

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆற்றங்கரைத் தெருவில் அந்தக் குரல் கேட்டாலே தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எல்லாரும் கொஞ்சம் இப்படி ஓரமா வாங்க. இப்ப மேல பாருங்க. முதல் மாடி, அந்தப் பச்சை ஜன்னல்."

இருபது முப்பது முகங்கள் ஒன்றாக நிமிரும். அந்த முகங்களுக்கு நேர் எதிரே, மூக்கு நுனியில் கண்ணாடியும் பல்லிடுக்கில் நூலுமாக அவள் உட்கார்ந்திருப்பாள்.

"இந்த ஜன்னல்லதான் ஒரு துரைசானி பத்தொன்பது வருஷம் நின்னா. கப்பல் கேப்டன் ஒருத்தனுக்கு வாக்குக் குடுத்திருந்தா. ஆத்து முகத்துவாரத்தைத் தாண்டிப் போனவன் திரும்பி வரவே இல்ல. தினமும் இதே நேரத்துக்கு வந்து நிப்பாளாம். இன்னிக்கும் வெளிச்சம் மங்குற நேரத்துல அவ நிழல் தெரியறதா சொல்றாங்க."

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அங்கே தெரிகிற நிழல் யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி, ஆற்றோரத்து ஓட்டல்களில் பரிமாறுகிறவர்களின் கறுப்புக் கோட்டுகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைக்கிற பிழைப்பு. இதில் துரைசானி எங்கிருந்து வந்தாள்?

அந்த வீடு வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு ஒன்றைத் தடுத்துத் தடுத்துக் குடித்தனங்களாக ஆக்கியது. அவள் பங்குக்கு வந்தது நீளமான ஒரே அறை. பின்பக்கம் சுங்கச்சாவடியின் மொட்டைச் சுவர். காற்றோ வெளிச்சமோ எது வந்தாலும் ஆற்றைப் பார்த்த அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் வரவேண்டும். பல்பு வெளிச்சத்தில் கறுப்புத் துணியும் கறுப்பு நூலும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். ஆகவே பொழுது சாய்வதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம், ஆற்று நீரில் பட்டு மேலே எழும்பி வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதுதான் அவளுக்குக் காஜா நேரம். பார்த்துப் பார்த்து அதே நேரத்துக்குத்தான் அந்தக் குடைக்காரன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருவான்.

குடைக்காரன் என்பது அவள் வைத்த பெயர். நகராட்சியின் 'மாலை நேர நடை'க்கு வழிகாட்டி அவன். முப்பது வயதிருக்கும். மழை, வெயில் எதுவும் இல்லாத நாளிலும் மஞ்சள் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடப்பான். கூட்டம் வாத்துகளைப் போல அதன் பின்னால் வரும்.

ஜன்னல் மட்டும் ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு வலது கதவின் மேல் கீல் துருப்பிடித்து உதிர்ந்தது. பழங்கட்டடங்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. மனுப் போட்டாள். அதிகாரி வந்தார். மரத்தைத் தட்டினார், தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார். "அசல் மரம்மா, பத்திரமா வச்சுக்குங்க" என்றார். நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, கட்டடத்தைப் பற்றிய குறிப்பு ஒன்றின் நகலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அவள் இடுப்பு எலாஸ்டிக்கால் கதவை இழுத்துக் கட்டிவைத்தாள். மழைக்காலத்தில் சாரல் நேராக மெஷின்மேல் விழும். மெஷினுக்கு ரெக்சின் போர்வை, அவளுக்கு ஈரக் காற்று.

"அந்த மனுஷன் ஜன்னலை நல்லா விசாரிச்சாரு. நம்மளைத்தான் விசாரிக்கல" என்றார் அவள் வீட்டுக்காரர். மூன்று வருடத்தில் இந்த விஷயத்தில் அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான். முப்பத்து நாலு வருடம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர். படகைத் தவறவிட்ட சனங்களெல்லாம் முகத்துக்கு நேரே கத்திக் கத்தி, கோபம் என்கிற சங்கதியே அவரிடம் தேய்ந்துபோயிருந்தது. எதற்கும் ஒரே பதில்: "விடு." அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் இரண்டு பங்கு கோபப்படவேண்டியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை வினை முற்றியது. பெரிய ஓட்டலின் மானேஜருடைய கோட்டு, புதுத் துணி. காஜாவுக்காகக் கத்தரியின் நுனியை வைத்துக் கீறப்போகிற அந்த நொடியில் கீழேயிருந்து பளிச்சென்று ஒரு கேமரா வெளிச்சம் அடித்தது. கை இழுத்துக்கொண்டது. அரை அங்குலக் கீறல் இரண்டு அங்குலமாகி, கோட்டின் முன்பக்கம் மீன் வாயைப் போலத் திறந்துகொண்டது.

அவள் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"ஏய்யா, அறிவில்ல உங்களுக்கு? இங்க மனுஷி உக்காந்து வேலை பாக்கறது கண்ணுல படல? நிழலாம் நிழல்! போங்கய்யா அந்தப் பக்கம்!"

கூட்டம் முழுக்கக் கை தட்டியது.

"பிரமாதமா நடிக்கிறாங்கப்பா" என்றார் ஒருவர்.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, நான் வீடியோ எடுக்கறதுக்குள்ள முடிச்சிட்டீங்க" என்றாள் ஒரு பெண்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் ஆற்றுக்கு அக்கரையில் குடியிருக்கும் மகள் போன் செய்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, என் ஆபீஸ்ல ஒரு பொண்ணு பேய் ஜன்னல்னு ஒரு போட்டோ அனுப்பினா. பெரிசாக்கிப் பாத்தா நீ! வாயில நூலோட!"

"சிரி, நல்லா சிரி. உங்கப்பாவும் நீயும் சேர்ந்து சிரிங்க."

"கோவப்படாதம்மா. போட்டோ நல்லாத்தான் இருக்கு."

பக்கத்தில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் வாயைத் திறந்தார். "விடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வரை கோட்டின் கீறலுக்கு உள்ளே துணி வைத்து, இழை இழையாக ஒட்டுப் போட்டாள். ஐந்து மணிக்கு முகம் கழுவி, தலை வாரி, வெளியே போகிற செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அவர்.

"நடக்கப் போறேன்."

"முழங்கால் வலின்னியே?"

"அது வலிச்சுட்டுப் போகுது."

படகுத்துறை வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. குடைக்காரன் எண்ணிக்கை எடுத்தான். தினமும் கீழேயிருந்தே பார்த்தவனுக்கு அவளை எதிரே பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. "வாங்கம்மா, எந்த ஊர்லேர்ந்து வரீங்க?" என்றான். "பக்கந்தான்" என்றாள்.

முதலில் தெருமுனையில் நட்டுவைத்திருந்த பீரங்கி. வாய் மண்ணுக்குள், வால் வானத்தைப் பார்த்து.

"கடற்கொள்ளைக்காரங்க படகுல ஏறி வந்தப்ப இதே இடத்துல நின்னு சுட்ட பீரங்கி இது. கடைசிக் குண்டு வெடிச்சதும் தளபதி தன் கையாலயே இதைத் தலைகீழா நட்டாராம், இனிமே போர் வேண்டாம்னு."

அவளுக்குப் பக்கத்தில் கணுக்காலில் பட்டி கட்டிய ஓர் அம்மாள் நின்றிருந்தாள். வெளியூர்க்காரி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாம். நெகிழ்ந்துபோய் "பாவம்" என்றாள்.

"யார் பாவம்? லாரி திரும்பும்போது முனை வீட்டுச் சுவத்துல இடிக்குதுன்னு நகராட்சி நட்டது இது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் நட்டாங்க, கண்ணால பாத்தேன். கிரேன்ல தூக்கினாங்க."

தலைமையாசிரியை பீரங்கியை மறுபடி பார்த்தாள். அதன் ஒரு பக்கத்தில் லாரி உரசிய நீலச் சாயம் தடமாக இருந்தது.

அடுத்தது மணிக்கூண்டு. நாலு பத்தில் நின்றுபோன கடிகாரம். கவர்னர் உயிர் பிரிந்த நிமிடத்தில் அது நின்றது என்றான் குடைக்காரன். அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"தம்பி, அது புறா கூடு கட்டி நின்னுபோச்சு. என் பொண்ணு பத்தாவது படிச்சப்ப. இதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பி, பரீட்சைக்கு இருபது நிமிஷம் லேட்டாப் போனா. கவர்னர் பேர்ல பழியைப் போடாதீங்க."

கூட்டம் சிரித்தது. குடைக்காரனும் சிரித்தான், ஆனால் குடையைப் பிடித்த கை லேசாக இறங்கியது. அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் அவன் சொல்லி முடித்ததும் நாலைந்து பேர் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கூட்டம் பின்னால் திரும்பினால் அவனுக்கு வயிற்றெரிச்சல். முன்னால் திரும்பினால் அவளுக்கு.

இரும்புப் பாலத்தின் நடுவில் ஐந்து நிமிடம் நின்றார்கள். கரையோரத்துக் கட்டடங்களெல்லாம் வெயில் பட்டு மஞ்சளாக நின்றன. தூண் வரிசை, சாய்வுக் கூரை, உடைந்த புகைபோக்கி. அந்த நேரத்தில் அவள் அங்கே வந்து நின்று எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்து முடிப்பதற்குள், அந்தக் கட்டட வரிசையின் நட்டநடுவில், ஊர் முழுக்கப் பார்க்கும்படி, அவள் வீட்டுப் போர்வையும் அவருடைய இரண்டு பனியன்களும் கொடியில் தொங்குவது தெரிந்தது. மத்தியானமே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"அந்த வீட்டுக்காரங்களுக்குக் கொஞ்சம் இங்கிதம் வேணாமா?" என்றாள் தலைமையாசிரியை.

"இருக்காது. அந்த வீட்டு ஆம்பளைக்கு அதெல்லாம் எதுவும் இருக்காது" என்றாள் தையல்காரம்மா.

ஆறு மணிக்குக் கூட்டம் பச்சை ஜன்னலின் கீழே வந்து நின்றது. "மேல பாருங்க" என்றான் குடைக்காரன். எல்லோரும் பார்த்தார்கள். தோளில் துண்டும் கையில் டீ டம்ளருமாக அவள் வீட்டுக்காரர் ஜன்னலில் நின்றிருந்தார். கூட்டத்துக்குள் அவளைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்து கையை ஆட்டினார்.

குடைக்காரன் சமயோசிதக்காரன். "இதோ, கேப்டன் திரும்பி வந்துட்டார்!" என்றான். தெருவே சிரித்தது. தலைமையாசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"கேப்டனும் இல்ல கத்தரிக்காயும் இல்ல! அது என் வீட்டுக்காரர்!" என்று தையல்காரம்மா போட்ட சத்தத்தில் சிரிப்பு அறுந்தது. "அது நான் குடியிருக்கிற வீடு. பத்தொன்பது வருஷம் இல்ல, முப்பது வருஷமா அங்க உக்காந்திருக்கிறவ நான். யாருக்காகவும் காத்திருக்கல. காஜா எடுக்கறேன்!"

அப்போதுதான் குடைக்காரனுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

அவள் நிறுத்துகிற வழியாக இல்லை. "ஜன்னலுக்கு மேல பாருங்க. இரும்பு உத்தரம் ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கா? நுனியில கொக்கி தெரியுதா? உப்பு மூட்டையைக் கயித்துல கட்டி அது வழியா மேல இழுப்பாங்க. அந்தக் காலத்துல அது ஜன்னலே இல்ல, மூட்டை ஏத்தற வாசல். கீழ்ச்சுவரும் சட்டமும் பின்னாடி வச்சுக் கட்டினது. பழங்கட்டட ஆபீஸ் குடுத்த காகிதத்துலயே எழுதியிருக்கு. அங்க எந்தத் துரைசானியாவது ஒரு நாள் நின்னிருந்தா, மூட்டை இடிச்சுத் தெருவுலதான் விழுந்திருப்பா!"

எல்லோரும் கொக்கியைப் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் கொக்கிதான். கூட்டத்தின் முகத்தில் ஏதோ அணைந்துபோனது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அந்தத் துரைசானி எங்கதான் நின்னா?"

குடைக்காரன் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். குடை தானாக வலது பக்கம் சாய்ந்தது.

"இந்த அம்மா சொன்னது சரி. ஆராய்ச்சியில இப்படித்தான் திருத்தங்கள் வரும். துரைசானி நின்னது பக்கத்து வீட்டு ஜன்னல். சுங்க எழுத்தர் வீடு. பாருங்க, பால்கனிகூட இருக்கு."

எல்லா முகங்களும் உயிர் வந்து அந்தப் பக்கம் திரும்பின. கேமராக்களும் திரும்பின. ஒரே நிமிடத்தில் அவளைப் பார்க்க ஆள் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அவன் அவளிடம் வந்தான். "மன்னிச்சுக்குங்கம்மா. நான் படிச்சது சரித்திரந்தான். முதல் மூணு மாசம் நிஜத்தைத்தான் சொன்னேன். உப்பு, கொக்கி, மூட்டை, எல்லாம். மணிக்கூண்டு வர்றதுக்குள்ள பாதிப் பேர் ஐஸ்கிரீம் வாங்கப் போயிடுவாங்க. இந்த நடையை நிறுத்திடலாமான்னு மேலிடத்துல கேட்டாங்க. அன்னிக்குத்தான் துரைசானியைப் பிறக்க வச்சேன்."

"பிறக்க வைக்கறதுக்கு என் ஜன்னல்தான் கிடைச்சுதா?"

"மேல ஆள் இருந்தா நல்லா இருக்கும்னு..." என்று இழுத்தான்.

பொய் சொல்கிறவன் இவ்வளவு பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டால் அவள் யாரோடு சண்டை போடுவாள்? "போங்க தம்பி" என்றாள்.

ஒரு மாதம் சொர்க்கம். ஆறு மணிக்கு ஒரு முகமும் அவள் பக்கம் நிமிரவில்லை. மானேஜரின் கோட்டில் போட்ட ஒட்டை ஓட்டலில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் வேறு வேலை நடந்தது. அங்கே குடியிருந்தவள் ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர், தனிக்கட்டை. ஐந்தே முக்காலுக்கெல்லாம் பவுடர் பூசி, முடியை ஒரு மாதிரி தூக்கி முடிந்து, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நிற்க ஆரம்பித்தாள். ஒரு நாள் பெருமூச்சுகூட விட்டாள். தெருவில் "ஐயோ" என்று ஒரு குரல் கேட்டது.

அடுத்த மாதம் பழங்கட்டட அலுவலகத்திலிருந்து தச்சர் வந்தார். சாரம் கட்டினார். டீச்சர் வீட்டு ஜன்னலுக்குப் புதுக் கீல், புதுக் கொக்கி, மேலே பச்சை வர்ணம். சுவரில் பித்தளைப் பலகை ஒன்றும் பதித்தார்: 'துரைசானி ஜன்னல்.' அந்த ஜன்னலில் ஒரு பழுதும் இருந்ததில்லை.

தையல்காரம்மா மூச்சு வாங்க அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கோப்பை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

"உங்க மனு இதோ இருக்கும்மா. ஆனா பாருங்க, உங்களுது மூட்டை ஏத்தற வாசல், சட்டம் பிற்காலத்தது, ரெண்டாம் தரம்."

"மூணு வருஷம் முன்னாடி அசல் மரம்னு தடவிப் பாத்தீங்களே சார்?"

"மரம் அசல்தான். சரித்திர முக்கியத்துவம் இல்லைன்னு நீங்களே நடுத்தெருவுல நின்னு சொன்னீங்களாமே. வழிகாட்டி எழுதிக் குடுத்திருக்கார், திருத்தம்னு. நல்ல விஷயந்தான். பொதுசனங்க இப்படி முன்வரணும்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். வழக்கமான அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனார். சாரத்தின் அடியில் நின்று தச்சரிடம் ஏதோ பேசினார். தச்சர் சின்ன வயதில் தினமும் படகில் பள்ளிக்கூடம் போனவராம். கையில் டிக்கெட் இல்லாத நாளிலும் அவரைப் படகில் ஏற்றிவிட்ட மனிதராம் இவர். அவள் அதுவரை கேள்விப்படாத கதை.

மறுநாள் அலுவலகத்துச் சாப்பாட்டு நேரத்தில் தச்சர் மீந்த கீல் ஒன்றோடு மாடிக்கு வந்தார். பத்து நிமிட வேலை. எலாஸ்டிக்கை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். கதவு ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"யாராவது கேட்டா?" என்றாள் அவள்.

"ரெண்டாம் தர ஜன்னலை யாரும்மா பாக்கப் போறாங்க?" என்றார் தச்சர். கிழிந்து தொங்கிய அவருடைய சட்டைப்பையை அங்கேயே கழற்றி வாங்கி, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

இவ்வளவு காலமாக வாயைத் திறக்காமல் இருந்த மனுஷன்மேல் அன்று முழுக்க அவளுக்கு ஒரே எரிச்சல். "மூணு வருஷம் முன்னாடியே ஒரு தச்சர்கிட்ட பேசியிருக்கலாமே?" என்றாள். "நீ ஆபீஸுக்கு எழுதிப் போட்டுட்டேன்னு சொன்ன. அதான்" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். சாப்பாட்டில் அவருக்கு ஒரு கரண்டி கூடுதலாகத்தான் போட்டாள், ஆனால் தட்டை டங்கென்று வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில், சரியாகக் காஜா நேரத்தில், கதவைத் தட்டும் சத்தம். பாட்டு டீச்சர் கையில் எட்டு கஜம் வெள்ளைத் துணியோடு நின்றிருந்தாள்.

"அக்கா, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? தரை வரைக்கும் தொங்கணும். கழுத்துல லேஸ். கை இப்படி, பலூன் மாதிரி. அந்தக் காலத்துத் துரைசானிங்க போடுவாங்களே, அது மாதிரி."

"எனக்குக் கோட்டு வேலை தலைக்கு மேல கிடக்கு டீச்சர்."

"அவசரமே இல்லக்கா. தினம் இந்த நேரத்துக்கு வந்து அளவு குடுத்துட்டுப் போறேன். உங்க ஜன்னல்ல வெளிச்சம் எவ்வளவு நல்லா வருது!"

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தாள். அதற்குள் டீச்சர் ஜன்னலோரம் போய், வெளிச்சத்தை முழுக்க மறைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டாள்.

"கையை இறக்குங்க டீச்சர். இன்னும் கொஞ்சம். ஐயோ, அப்படி மூச்சை இழுத்துப் பிடிச்சா இடுப்பளவு எப்படி எடுக்கறது? சாதாரணமா நில்லுங்க!"

"சாதாரணமாத்தான் நிக்கறேன்கா" என்றாள் டீச்சர், கண்ணை ஆற்றிலிருந்து எடுக்காமல்.